பலர் கூடி எழுதும் ஏடு

வகுப்பறையில் நாள்தோறும் முதலில் திறக்கப்படுகின்ற ஏடு பாடநூல் அன்று, வருகைப் பதிவேடு. அதனைக் கையாள்வதற்குச் சில விதிகள் உண்டு. அவற்றுள் தலையாயது, எழுதியதை அழிக்கலாகாது என்பது. வராத மாணவன் ஒருவனை வந்தவனாகக் குறித்துவிட்டால், ஆசிரியர் அக்குறியைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு எழுதக் கூடாது. தவறிய குறியின்மேல் ஒரே ஒரு கோடு இட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, அருகே சுருக்கொப்பம் இட வேண்டும். பிழையும் தெரிய வேண்டும். திருத்தமும் தெரிய வேண்டும். திருத்தியவர் இன்னார் என்பதும் தெரிய வேண்டும். புதிதாகப் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர்கள் இதனை வீண் கெடுபிடி என்று எண்ணுவதுண்டு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. ஆண்டுகள் பல சென்ற பின்னர், ஏதேனும் ஓர் ஐயம் எழுந்து, பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க நேரும்போதுதான் அவ்விதியின் அருமை விளங்கும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் கற்பிக்கும் முதற்பாடங்களுள் ஒன்று. ஆகையால் இந்தப் பதிவேட்டை மனத்தில் இருத்திக்கொண்டு, இன்று உலகெங்கும் பல்லாயிரவர் கூடி எழுதிவரும் வேறோர் ஏட்டைப் பற்றிச் சிந்திப்போம். திறந்த மூல மென்பொருள் என்று வழங்கும் கணினி நிரல்களையே குறிப்பிடுகிறேன்.

கணினி தானாக எதையும் அறியாது. இன்னதை இன்ன முறையில் செய் என்று வரிவரியாக எழுதித் தரவேண்டும். அங்ஙனம் எழுதப்பெற்ற கட்டளைத் தொகுதியே நிரல். வணிக நிறுவனங்கள் பல, தம் நிரலின் மூலத்தைப் பிறர் காணாதவாறு காத்துக்கொள்கின்றன. திறந்த மூல மென்பொருளில் அந்தத் திரை இல்லை. எவரும் மூலத்தைப் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு லினக்ஸ். 1991-ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர், கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆளுகின்ற கெர்னல் என்னும் அடிப்படை நிரல் ஒன்றை எழுதி, அதனை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. அந்நிரல் ஏறத்தாழப் 10,000 வரிகளே கொண்டிருந்தது. இன்று அது மூன்று கோடி வரிகளைக் கடந்துவிட்டது. உங்கள் வீட்டிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இயங்குவதும் லினக்ஸ் கெர்னலே. அதனை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அல்லர்.

ஒரு வகுப்பில் நாற்பது மாணவர்களை ஒரே கட்டுரையை எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அங்ஙனமாயின், முகமறியாத ஆயிரவர் ஒரே நூலை எழுதுவது எவ்வாறு இயலுகிறது? இரண்டு ஒழுங்குகளால் இயலுகிறது. ஒன்று எழுத்தொழுங்கு; மற்றொன்று பதிவொழுங்கு.

முதலில் எழுத்தொழுங்கைக் காண்போம். நிரலை இயக்கும் பொறிக்கு அழகிய எழுத்து வேண்டுவதில்லை. லினக்ஸ் எழுதப்பட்ட 'சி' என்னும் நிரல்மொழியில், கட்டளைகள் பலவற்றை இடைவெளியின்றி ஒரே வரியில் எழுதினாலும் பொறி மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். மனிதனால் அங்ஙனம் ஏற்க இயலாது. நம் பழைய ஏட்டுச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருப்பதில்லை; எகரம் ஏகாரம் என்ற வேறுபாடு தெரிவதில்லை; சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விடுவதில்லை. எழுதியவருக்கு அது விளங்கியது. பல நூற்றாண்டுகள் கழித்துப் படிக்கப் புகுந்த பதிப்பாசிரியர்களோ ஒரு சொல்லைத் துணிவதற்குப் பல சுவடிகளை ஒப்புநோக்கித் துன்புற்றனர். நிரலுக்கும் இந்நிலை உண்டு. அதனை எழுதுகிறவன் ஒருவன், எழுதுவதும் ஒருமுறை. படித்துத் திருத்தப் போகிறவர் பலர், படிப்பதும் பலமுறை.

ஆகையால் லினக்ஸ் மூலத்துடனே எழுத்துநடை விதிகளைக் கூறும் ஆவணம் ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கட்டளைக்குள் அடங்கும் கட்டளையை எட்டு எழுத்தளவு உள்தள்ளி எழுதுக என்கிறது அது. இடம் வீணாகிறதே என்று சிலர் முறையிட்டனர். மூன்று படிகளுக்குமேல் உள்தள்ள வேண்டியிருந்தால், குறை தாளின் அகலத்தில் இல்லை, நிரலின் அமைப்பில் இருக்கிறது. அதனையே திருத்துக என்பது அவ்வாவணத்தின் விடை. ஒரு வரி 80 எழுத்துகளுக்குள் அமைவது நன்று என்றும், நிரலின் ஒவ்வொரு பகுதியும் சிறிதாய் இருந்து ஒரே செயலைச் செவ்வனே செய்ய வேண்டும் என்றும் அது கூறுகிறது. இன்னும் ஒரு விதி என் உள்ளத்தைக் கவர்ந்தது. இடையிடையே எழுதும் விளக்கக் குறிப்பு, நிரல் என்ன செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டுமேயன்றி, எவ்வாறு செய்கிறது என்பதைச் சொல்ல முற்படலாகாது. எவ்வாறு என்பதற்கும் விளக்கம் வேண்டியிருந்தால், விளக்கத்தை நீட்டுவதைவிட நிரலைத் தெளிவாகத் திரும்ப எழுதுவதே மேல். கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் இது பொருந்தும் அல்லவா?

பைத்தான் என்னும் நிரல்மொழியினர் 2001-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு நடைநூல் வகுத்தனர். அவர்கள் உள்தள்ளுவது நான்கு எழுத்தளவு. எட்டு சரியா, நான்கு சரியா என்று நீங்கள் கேட்கலாம். சாலையில் இடப்புறம் செல்வது சரியா, வலப்புறம் செல்வது சரியா? இரண்டும் சரியே, ஆனால் ஒரே சாலையில் இரண்டும் ஆகா. கோ என்னும் மொழியை 2009-இல் வெளியிட்டவர்கள் இவ்வழக்கை வேறு வகையில் தீர்த்தனர். எவர் எப்படி எழுதினாலும், எழுதியதை ஒரே ஒழுங்கில் அடுக்கித் தருகின்ற கருவி ஒன்றை மொழியுடனே சேர்த்து அளித்துவிட்டனர். அதன்பின் வாதிப்பதற்கு என்ன இருக்கிறது?

எழுத்தொழுங்கு வெறும் அழகுக்கு உரியது என்று கருதுவோர், 2014 பிப்ரவரியில் வெளிப்பட்ட ஒரு பிழையை அறிதல் நலம். ஆப்பிள் நிறுவனம் மூலத்தைப் பொதுவில் வெளியிட்டிருந்த பாதுகாப்பு நிரல் ஒன்று, நாம் தொடர்புகொள்ளும் கணினி மெய்யானதுதானா என்று சோதிப்பது. அதில் 'தவறு நேர்ந்தால் முடிவுக்குச் செல்க' என்ற பொருளுடைய வரி, அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதல் வரி நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவது வரியும் அதே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால், அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டதுபோலக் கண்ணுக்குத் தோன்றியது. 'சி' மொழியிலோ, அடைப்புக்குறி இடாவிட்டால் நிபந்தனை ஒரு கட்டளையை மட்டுமே ஆளும். ஆகவே இரண்டாவது வரி, தவறு நேர்ந்தாலும் நேராவிட்டாலும் இயங்கியது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி தாண்டப்பட்டது. கண்ணுக்குத் தோன்றும் வடிவம் ஒன்றாகவும், பொறி கொள்ளும் பொருள் வேறொன்றாகவும் இருந்ததே அங்கு நேர்ந்த கேடு. ஒரு கட்டளையே ஆயினும் அடைப்புக்குறி இடுக என்று பல நடைநூல்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

இனிப் பதிவொழுங்கு. ஒரு நிரல் இன்று எப்படி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதாது. நேற்று எப்படி இருந்தது, இடையில் எது மாறியது, மாற்றியவர் யார், ஏன் மாற்றினார் என்பனவும் தெரிய வேண்டும். இதற்கென ஒரு கருவி 1972-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகிவிட்டது. 1980-களில் தோன்றிய சி.வி.எஸ். என்னும் கருவி திறந்த மூல உலகில் பெரிதும் பரவியது. லினக்ஸ் குழுவினரோ நெடுநாள் வரையில் இத்தகைய கருவி எதனையும் கொள்ளவில்லை. திருத்தங்கள் மின்னஞ்சலில் வரும். டோர்வால்ட்ஸ் படித்துப் பார்த்துச் சேர்ப்பார். பணி பெருகவே அம்முறை தாங்கவில்லை. 2002-இல் பிட்கீப்பர் என்ற கருவியை அவர் ஏற்றார். அது தனியார் உடைமை. சில நிபந்தனைகளுடன் இலவசமாக அளிக்கப்பட்டது. திறந்த மூலப் பணிக்கு மூடிய கருவியா என்று மனம் ஒப்பாதவர்கள் பலர் இருந்தனர். அவர்களுக்காக, அதே மூலத்தின் படி ஒன்று சி.வி.எஸ். கருவியிலும் வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் படியில்தான் 2003 நவம்பரில் ஒரு திருட்டு நடந்தது. பொருளை எடுத்துச் சென்ற திருட்டு அன்று. பொருளை உள்ளே வைத்துவிட்டுச் சென்ற திருட்டு. எவரோ அக்கணினியினுள் புகுந்து, இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டனர். மேலோட்டமாகப் பார்த்தால் அது ஒரு சாதாரணச் சோதனை: இன்ன குறிப்புகளோடு அழைத்த பயனரின் எண் சுழியமா என்று கேட்பதுபோல் இருந்தது. லினக்ஸில் சுழியம் என்ற எண், எல்லா அதிகாரமும் உடைய தலைமைப் பயனருக்கு உரியது. 'சி' மொழியில் இரண்டு சமக்குறிகளைச் சேர்த்து எழுதினால், சமமா என்று கேட்பதாகும். ஒரே சமக்குறி எழுதினால், அந்த மதிப்பை அளித்துவிடுவதாகும். அங்கே இருந்தது ஒரே சமக்குறி. 'நீ தலைவனா?' என்று கேட்பதுபோல் தோன்றிய வரி, உண்மையில் 'இன்றுமுதல் நீயே தலைவன்' என்று முடிசூட்டியது! ஒரு குறி குறைந்ததனால், உலகிலுள்ள லினக்ஸ் கணினிகளில் கள்ளச்சாவி ஒன்று நுழைய இருந்தது.

இதனைக் கண்டுபிடித்தது எவ்வாறு? அவ்வரியின் சூழ்ச்சியை உணர்ந்தவர் ஒருவர் முதலில் எச்சரித்தார் என்று எண்ணாதீர்கள். பதிவேடு காட்டிக்கொடுத்தது. சி.வி.எஸ். படியில் சேரும் ஒவ்வொரு திருத்தத்திற்கும், முதன்மை ஏட்டில் அது எந்தப் பதிவிலிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். இந்தத் திருத்தத்திற்கு அக்குறிப்பு இல்லை. தந்தை பெயர் இல்லாத பதிவு. ஒப்பம் இல்லாத திருத்தம். பிட்கீப்பரை நடத்திவந்த லாரி மெக்வாய் அதனைக் கவனித்து அறிவித்தார். பின்னரே பலர் கூடி அவ்வரிகளை ஆராய்ந்து, அதன் உட்பொருளைக் கண்டு திகைத்தனர். முதன்மை ஏட்டில் அது நுழையவே இல்லை.

2005 ஏப்ரலில் பிட்கீப்பரின் இலவச உரிமை நிறுத்தப்பட்டது. டோர்வால்ட்ஸ் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். அதன் பெயர் கிட். ஏப்ரல் 3-ஆம் நாள் தொடங்கிய வேலை. 7-ஆம் நாள் அக்கருவி தன் மூலத்தையே தன்னுள் பதிவு செய்துகொள்ளும் நிலையை அடைந்தது. அவ்வாண்டு ஜூலையில் அதன் பொறுப்பை ஜுனியோ ஹமானோ என்பவரிடம் ஒப்படைத்தார். இன்று உலகில் நிரல் எழுதுவோரிடையே மிகப் பரவலாக வழங்கும் பதிவுக் கருவி அதுவே.

கிட்டின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு பதிவுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணித்தெடுத்த நாற்பது இலக்க அடையாளம் ஒன்று அமைகிறது. விரல்ரேகை போன்றது அது. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் ரேகையையும் தன்னுள் தாங்கி நிற்கிறது. பழைய பதிவில் ஓர் எழுத்தை ஒருவர் மாற்றினாலும் அதன் ரேகை மாறும். அது மாறினால் அடுத்ததன் ரேகை மாறும். இறுதிவரையில் சங்கிலி முழுதும் மாறிவிடும். பங்குகொள்வோர் ஒவ்வொருவரிடமும் முழு ஏட்டின் படி இருப்பதால், எவரும் ஒப்பிட்டு அறியலாம். அழிப்பான் செல்லாத பதிவேடு என்று இதனையே சொல்ல வேண்டும். உங்கள் சொந்தக் கணினியில், வெளியிடுவதற்கு முன், பதிவுகளை எத்துணை முறையும் சீர்செய்து எழுதலாம். அது ரஃப் நோட்டு. பலர் படியெடுத்துக்கொண்ட பின்னரோ அதனை மாற்றி எழுதுவது முறையன்று. தவறு என்று தெரிந்தால், அதனை நீக்கும் திருத்தத்தைப் புதிய பதிவாகச் சேர்க்க வேண்டும். ஒரு கோடு இட்டு, பக்கத்தில் எழுதி, ஒப்பமிடுதல் என்று நாம் முதலில் கண்டதும் இதுதான்.

பதிவு எழுதுவதற்கும் இலக்கணம் உண்டு. முதல் வரியில், 50 எழுத்துகளுக்குள், செய்த மாற்றத்தைச் சுருங்கக் கூறி, ஒரு வரி இடம் விட்டுப் பின்னர் விரிவாக எழுதுவது கிட் பரிந்துரைக்கும் வழக்கம். அந்த விரிவில் இடம்பெற வேண்டுவது, எதனை மாற்றினேன் என்பதைவிட, ஏன் மாற்றினேன் என்பதே. எதனை என்பதைக் கருவியே காட்டிவிடும். ஏன் என்பது எழுதியவர் உள்ளத்தில் மட்டுமே இருக்கிறது. 'சில திருத்தங்கள்' என்று மட்டும் எழுதிவைப்பது, விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் 'காரணமாக' என்று எழுதுவதை ஒக்கும்.

மற்றொரு விதி, ஒரு பதிவில் ஒரு மாற்றம் என்பது. பிழை ஒன்றைத் திருத்தும்போதே பக்கத்திலுள்ள வரிகளின் இடைவெளியையும் சீர்செய்து, இரண்டையும் ஒன்றாகப் பதிந்துவிடலாகாது. அவ்வாறு செய்தால், நூறு வரி மாற்றத்தினுள் உண்மையான மாற்றம் எது என்று படிப்பவர் தேடிக்கொண்டிருப்பார். இவ்விதியால் இன்னொரு பெரும்பயனும் உண்டு. நேற்றுவரை சரியாக இயங்கிய நிரல் இன்று தவறுகிறது. இடையில் ஆயிரம் பதிவுகள் நிகழ்ந்துள்ளன என்று கொள்வோம். ஆயிரத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. நடுவிலுள்ள பதிவை எடுத்துச் சோதித்தால், பிழை அதற்கு முன்னதா பின்னதா என்று தெரிந்துவிடும். பாதி கழிந்தது. மீதியில் மீண்டும் பாதி. இவ்வாறு பத்தே சோதனைகளில் குற்றமுள்ள பதிவு தனித்து அகப்படும். இரண்டைப் பத்துமுறை பெருக்கினால் 1024 என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அகப்பட்ட பதிவினுள் இருபது மாற்றங்கள் கலந்து கிடந்தால், இத்தனை நுட்பமும் பாதியிலே நின்றுவிடும்.

லினக்ஸ் குழுவினர் 2004 முதல் இன்னொரு வழக்கத்தையும் கைக்கொண்டனர். திருத்தம் அளிப்பவர், இதனை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி கூறும் வகையில், பதிவின் இறுதியில் தம் பெயரை எழுத வேண்டும். அதனை ஏற்று மேலே அனுப்புகிறவரும் தம் பெயரைச் சேர்க்க வேண்டும். ஆக, ஒவ்வொரு திருத்தமும் எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்பது ஏட்டிலே நிலைத்துவிடுகிறது.

இத்தனை காவலும் இருந்தால் தீங்கே நேராது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. 2024 மார்ச்சு 29-ஆம் நாள் வெளிப்பட்ட நிகழ்ச்சி நம் கண்ணைத் திறப்பது. எக்ஸ்.இசட். என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய திறந்த மூல நிரல். அதனைப் பேணிவந்தவர் ஏறத்தாழத் தனி ஒருவர். ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் உழைத்தவர். ஜியா டான் என்ற பெயர் பூண்ட ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்குமேல் நல்ல திருத்தங்களை அளித்து உதவினார், நம்பிக்கையைப் பெற்றார், நிரலை வெளியிடும் அதிகாரத்தையும் பெற்றார். அதன்பின் கள்ளவழி ஒன்றை உள்ளே வைத்தார். அவர் அதனை மறைத்த இடங்களைக் கவனியுங்கள். தீய பகுதியை, மனிதரால் படிக்க இயலாத சோதனைக் கோப்புகளுக்குள் பொதிந்தார். அதனை எழுப்பிவிடும் வரியையோ பதிவேட்டில் எழுதவே இல்லை. மக்களுக்கு வழங்கும் கட்டில் மட்டும் சேர்த்தார். படிக்க முடியாத எழுத்து ஒருபுறம். பதிவில் இல்லாத வரி ஒருபுறம். நாம் இதுவரை கூறிய இரண்டு ஒழுங்குகளும் எட்டாத மூலைகளையே தீயவன் தேடிச் சென்றான்.

ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், வேறு ஏதோ அளவை செய்துகொண்டிருக்கையில், கணினியினுள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. காரணத்தைத் துருவிச் சென்று உண்மையைக் கண்டு, உலகுக்கு அறிவித்தார். மூலமும் பதிவேடும் எல்லார்க்கும் திறந்திருந்தமையால், எங்கே என்ன நடந்தது என்பதைப் பலர் விரைவில் ஆராய்ந்தறிய முடிந்தது. பெரும்பாலான கணினிகளைச் சேர்வதற்கு முன்னரே தீங்கு தடுக்கப்பட்டது.

விதிகள் தாமே காவல் செய்வதில்லை. பதிவேடு எவ்வளவு செம்மையாக இருப்பினும், அதனைத் திறந்து படிப்பவர் ஒருவர் வேண்டும். தெளிவான எழுத்தும் அழியாத பதிவும் அவருக்காகவே அமைந்தவை. முன்பின் அறியாத ஒருவர் நம் எழுத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு நாம் திறந்துவைக்கும் வாயில்கள் அவை. முகமறியாதார் ஒருவரை ஒருவர் கண்மூடி நம்புவதால் இப்பணி நடைபெறவில்லை. ஒருவரை ஒருவர் சரிபார்க்க இடம் கொடுப்பதனாலேயே நம்பிக்கை வளருகிறது.

உங்களுள் சிலர் கல்லூரியில் கணினியியல் பயில்கிறீர்கள். சிலர் பள்ளியிலேயே நிரல் எழுதத் தொடங்கிவிட்டீர்கள். இத்தகைய பொதுப்பணி ஒன்றில் சேர விரும்பினால், எழுதுவதற்கு முன் படியுங்கள். அக்குழுவின் நடைவிதிகளை அறிந்து, உங்கள் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, அவற்றைப் பின்பற்றுங்கள். விளக்கவுரையில் ஒரு பிழைத் திருத்தம் ஆயினும் போதும். சிறியதாகத் தொடங்கி, காரணத்தை எழுதி, பெயரிட்டு அளியுங்கள். மூத்தவர் குறை கூறித் திருப்பி அனுப்பினால் மனம் வருந்தாதீர்கள். சிவப்பு மையில் திருத்தித் தந்த கட்டுரை உங்களைப் பகைப்பதற்காகத் திரும்பி வந்ததன்று. பிறர் எழுதியதைப் பொறுமையோடு படித்துச் சரிபார்ப்பதும் எழுதுவதற்கு நிகரான தொண்டு என்பதை மறவாதீர்கள். அத்தொண்டுக்கு ஆட்கள் எப்போதும் குறைவு.

பிழை செய்யாத மனிதன் இல்லை. பிழை நேராத பதிவேடும் இல்லை. என் பதிவேடுகளிலும் கோடிட்ட இடங்கள் பல உண்டு. ஒவ்வொன்றின் அருகிலும் என் சுருக்கொப்பம் இருக்கிறது.